அண்டை வீட்டுச் சேவல்

சென்ற தை மாதத்தில் நம்முடைய நண்பர் ஒருவர் கையில் ஒரு நீண்ட காகிதத்துடன் நம்மைத் தேடி வந்தார். முப்பத்தைந்து வருஷம் பட்டணத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இருதயத்தில் ரண சிகிச்சை செய்துகொண்டவர். இனியாவது நிம்மதியாக இருக்கலாமென்று காவேரிக் கரையிலுள்ள பூர்விகக் கிராமத்தில் பழைய வீட்டைப் புதுப்பித்துக்கொண்டு குடியேறியிருந்தார்.

"நிம்மதி எப்படி இருக்கிறது?" என்று விசாரித்தோம்.

"நிம்மதியா? விடியற்காலை மூன்றரை மணிக்கே அது போய்விடுகிறது. அடுத்த வீட்டுக் கிழவியின் கோழிக்கூடு என் படுக்கையறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. அதிலுள்ள சேவல் கூவுவது என் காதில் அல்ல, மண்டைக்குள்ளேயே கேட்கிறது. கலெக்டருக்கு மனு எழுதியிருக்கிறேன். நீங்கள் பத்திரிகைக்காரர், நாலு காரமான வார்த்தைகள் சேர்த்துக் கொடுங்கள்" என்று காகிதத்தை நீட்டினார்.

மனுவில் காரத்துக்குக் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. "அந்த அம்மாளிடம் இதைச் சொன்னீர்களா?" என்று கேட்டோம். நண்பர் சற்று யோசித்து, "எட்டு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை" என்றார்.

சிரித்துத் தள்ளிவிடக் கூடிய விஷயமல்ல இது. நோயாளிக்குத் தூக்கம் மருந்து. ஏழைக்குக் கோழி ஜீவனம். இரண்டும் ஒரே சுவரின் இரு பக்கங்களில் இருக்கும்போது எதை விட்டுக் கொடுப்பது? நாகரிக தேசங்களின் நியாயஸ்தலங்களெல்லாம் இந்தக் கேள்வியுடன் மல்லுக்கு நின்றிருக்கின்றன. அவற்றில் சிலவற்றை நண்பருக்குச் சொன்னோம், நேயர்களுக்கும் சொல்கிறோம்.

மோரீஸ் என்னும் சேவல்

பிரெஞ்சு தேசத்தின் மேற்குக் கரையருகே, அட்லாண்டிக் சமுத்திரத்தில், ஒலரான் என்று ஒரு தீவு இருக்கிறது. அத்தீவில் ஓர் அம்மாள் வளர்த்த சேவலுக்கு மோரீஸ் என்று பெயர். அடுத்த வீடு வெளியூரைச் சேர்ந்த வயதான தம்பதிகளுக்குச் சொந்தம். விடுமுறை நாட்களில் வந்து தங்குவார்கள். ஓய்வுக்காக வந்த இடத்தில் மோரீஸ் தங்களை எழுப்பிவிடுகிறது என்று அவர்கள் ரோஷ்ஃபோர் நகரக் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்கள்.

2019-ஆம் வருஷம் இந்த வியாஜ்யம் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் அடிபட்டது. சேவலுக்கு ஆதரவாக லக்ஷத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். ஆனால் கையெழுத்துக்களைக் கொண்டு தீர்ப்புச் சொல்வதற்கில்லை அல்லவா? அதிகாரி ஒருவர் அந்த இடத்தில் கேட்டு எழுதிய குறிப்பில், மோரீஸ் காலை 6.30-க்கும் 7-க்கும் இடையில் விட்டு விட்டுக் கூவியதாகத்தான் இருந்தது. தாங்க முடியாத தொந்தரவு என்பதை வாதிகள் ருஜுப்பிக்கவில்லை என்று கூறி, அவ்வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். சேவலின் எஜமானிக்கு வாதிகள் 1,000 யூரோ நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. மோரீஸ் மறு வருஷமே நோய் கண்டு இறந்துபோயிற்று.

அதே 2019-ல் கஜாக் என்னும் சிறு கிராமத்தின் மேயர் புரூனோ டியோனி து ஸெஜூர் என்பவர் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். சேவலின் கூவலும், பசுவின் கதறலும், மாதா கோவில் மணியோசையும் கிராமத்தின் பரம்பரைச் சொத்து. அவற்றைத் தேசம் பாதுகாக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். பார்லிமெண்டும் செவி சாய்த்தது. 2021 ஜனவரி 29-ந் தேதிச் சட்டம், கிராமப்புறத்துக்கு இயல்பான ஒலிகளையும் வாசனைகளையும் தேசத்தின் பொதுச் சொத்துக்களோடு சேர்த்துவிட்டது. 2024 ஏப்ரலில் வந்த இன்னொரு சட்டம் மேலும் ஒரு படி சென்றது. ஒருவர் செய்யும் தொழில் சட்டப்படி நடந்து, புதிதாகக் குடி வந்தவருக்கு முன்பிருந்தே இருந்து, பிறகு தொந்தரவு அதிகமாகாமலும் இருந்தால், வந்தவர் அதன்மேல் பிராது கொடுக்க முடியாது என்று அது சொல்கிறது.

இதைக் கேட்டு நண்பரின் முகம் வாடியது. "அப்படியானால் சேவல் வைத்திருப்பவர்கள் எப்போதும் ஜயித்துவிடுவார்களா?" என்றார்.

ஒன்று வேறு, 750 வேறு

அப்படி ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் 1936-ல் நடந்த வழக்கைக் கேளுங்கள். ஓரளவு கிராமப்பாங்கான இடத்தில் ஒருவர் வீடு வாங்கினார். அருகே கோழிப் பண்ணை வைத்திருந்தவரிடம் சுமார் 750 சேவல்கள் இருந்தன. அவை நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்கு ஆரம்பித்து ஏழு மணி வரையில் கச்சேரி செய்து வந்தன. பண்ணைக்காரர் சேவல்களை வேறு பக்கத்துக்கு மாற்றிப் பார்க்கும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கிராமமானாலும் இது அளவு மீறியது என்று நீதிபதி தடையுத்தரவு பிறப்பித்தார்.

பிரான்சிலேயே, கிரிஞோல் என்னும் கிராமத்தில், வீட்டுக் குளத்துத் தவளைகளின் கூச்சலைப் பற்றி வழக்கு எழுந்தது. குளம் அடுத்த வீட்டுக்கு மிகவும் சமீபத்தில் இருந்தது. அதைத் தூர்த்துவிட வேண்டுமென்று போர்தோ அப்பீல் கோர்ட் 2016-ல் உத்தரவிட்டது. 1917-ல் அல்ல, நம் காலத்தில், 2017-ல், தேசத்தின் உச்ச நீதிமன்றமும் அதை ஊர்ஜிதம் செய்தது. ஆனால் அந்தக் குளத்தில் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற தவளை இனங்கள் இருந்தன! ஒரு சட்டம் தூர்க்கச் சொல்ல, இன்னொரு சட்டம் தொடாதே என்றது. தீர்ப்புக் கிடைத்தும் தகராறு ஓயவில்லை.

கோர்ட்டுக்கும் போகாமல், பேசவும் செய்யாமல், கோபத்தை வளர்த்துக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே திருஷ்டாந்தம் உண்டு. ஆர்தேஷ் ஜில்லாவில் 2020-ல் ஒருவர் அடுத்த வீட்டுச் சேவலைத் துப்பாக்கியால் சுட்டு, இரும்புத் தடியாலும் அடித்துக் கொன்றார். அவருக்குக் கிடைத்தது அமைதியல்ல. ஐந்து மாதச் சிறைத் தண்டனை. அது நிறுத்தி வைக்கப்பட்டதனால் சிறை வாசலை மிதிக்காமல் தப்பினார்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நீதிபதிகள் கேட்கும் கேள்விகள் எங்கும் ஒன்றாகவே இருப்பது தெரியும். எத்தனை பிராணிகள்? எந்த நேரம்? எவ்வளவு தூரம்? யார் முன்னால் வந்தவர்? தொந்தரவைக் குறைக்க யார் என்ன பிரயத்தனம் செய்தார்? இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குக் கோர்ட் அவசியமா என்பதை நேயர்களே யோசித்துக் கொள்ளலாம்.

ரியோம் என்னும் ஊரின் அப்பீல் கோர்ட் 1995-ல் எழுதிய தீர்ப்பு ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. கோழியானது தீங்கற்றது, அதோடு மந்தபுத்தியுள்ளது. அதன் அருகாமையினால் தொந்தரவு அடைபவர்கள், கோழிக்காரர் மேல் வேறு காரணத்தினால் கோபம் கொண்டவர்களே என்ற கருத்தை நீதிபதிகள் மிகுந்த நகைச்சுவையோடு வெளியிட்டிருந்தார்கள். சட்ட முறைப்படி போதாதென்று மேல் கோர்ட் 1997-ல் அத்தீர்ப்பை ரத்துச் செய்துவிட்டது. கோழிக்குச் சிறிதும் தொந்தரவு செய்யும் சக்தி இல்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஆனால், மனத்தில் வேறு புண் இருக்கும்போது காதில் சப்தம் இரட்டிப்பாகக் கேட்கும் என்பது மட்டும் எந்த மேல் கோர்ட்டாலும் ரத்துச் செய்ய முடியாத உண்மை.

சேவலின் கடிகாரம்

சேவல் வேண்டுமென்றா கூவுகிறது? ஜப்பான் தேசத்து நகோயா சர்வகலாசாலை விஞ்ஞானிகள் 2013-ல் இதை ஆராய்ந்து முடிவு கண்டார்கள். சேவல்களை இரவு பகல் தெரியாத மங்கலான ஒரே வெளிச்சத்தில் வைத்திருந்தபோதும், அவை தினந்தோறும் விடியும் நேரத்துக்கு முன்னதாகவே கூவின. வெளியே சூரியன் உதிப்பதைப் பார்த்து அல்ல, தன் உடம்புக்குள்ளே ஓடும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது. வெளிச்சமும் மற்றச் சேவல்களின் குரலும் அதைத் தூண்டிவிடக் கூடியவையே. அந்தத் தூண்டுதலும் விடியலை ஒட்டிய நேரத்தில்தான் அதிகமாகப் பலிக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து அவர்களே மற்றொரு விந்தையையும் கண்டுபிடித்தார்கள். பல சேவல்கள் ஒன்றாக இருந்தால் கூட்டத்தின் தலைவன்தான் முதலில் கூவும். மற்றவை அந்தஸ்து வரிசைப்படி பின்தொடரும். தலைவனை அப்புறப்படுத்தினால் இரண்டாவது சேவல் அந்த உத்தியோகத்தை ஏற்றுக்கொள்ளும்! ஆகையால், ஒன்றைக் குழம்பு வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

கூவலின் பலமும் சாமானியமல்ல. பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர்கள் அளந்ததில், ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபலுக்கு மேல் இருந்தது. சேவலின் காதருகிலேயே 140-க்கு மேல். தன் குரலால் தானே செவிடாகாமலிருக்க, அலகை அகலத் திறக்கும்போது சேவலின் காதுத் துவாரம் மூடிக்கொள்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு இயற்கை அந்தச் சௌகரியத்தைச் செய்து கொடுக்கவில்லை.

ஆனால் இயற்கை வேறொரு சகாயம் செய்திருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சப்தம் சுமார் 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் 100 என்றால், 16 மீட்டரில் ஏறத்தாழ 76. பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சப்தம் பாதியாகிவிட்டதுபோல் தோன்றும். நடுவில் ஒரு சுவர் இருந்தால் இன்னும் குறையும். ஆகவே, அநேக இடங்களில் விவகாரம் முழுவதும் பதினைந்து மீட்டர் நிலத்தில் அடங்கியிருக்கிறது.

மாடியிலிருந்து தெற்குப் பக்கத்துக்கு

அந்தப் பதினைந்து மீட்டரை நம் அண்டை ராஜ்யமான கேரளத்தில் ஓர் அதிகாரி சரியாகவே கண்டுகொண்டார். பத்தனம்திட்டை ஜில்லாவில் அடூருக்கு அருகே பள்ளிக்கல் என்னும் கிராமத்தில், சிகிச்சை பெற்று உடல் தேறி வந்த முதியவர் ஒருவர், பக்கத்து வீட்டுச் சேவல் விடியற்காலை மூன்று மணிக்கே கூவித் தம் தூக்கத்தைக் கெடுப்பதாக ரெவின்யூ டிவிஷனல் ஆபீஸரிடம் முறையிட்டார். இரு தரப்பாரும் விசாரிக்கப்பட்டார்கள்; ஸ்தலமும் பார்வையிடப்பட்டது. கோழிக்கூடு பக்கத்து வீட்டின் மாடியில் இருந்தது என்பது அப்போது தெரிந்தது. உயரத்திலிருந்து கூவினால் நடுவில் தடுப்பதற்கு என்ன இருக்கிறது?

2025 பிப்ரவரியில் அதிகாரி போட்ட உத்தரவு மிகவும் எளிமையானது: பதினான்கு நாட்களுக்குள் கோழிக்கூட்டை மாடியிலிருந்து அகற்றி, நிலத்தின் தெற்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். சேவலைக் கொல்லச் சொல்லவில்லை. கோழி வளர்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. முதியவரைப் பொறுத்துக்கொள்ளும்படியும் சொல்லவில்லை. கூட்டுக்கு ஓர் இடமாற்றம், அவ்வளவே.

"இதைச் சொல்ல ஓர் அதிகாரி வேண்டுமா?" என்று நண்பரைக் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மனுவுக்கு முன்னால்

கிராமத்தில் வீடு கட்டிக்கொண்டு போகும் குடும்பங்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. அவர்களுக்கும், அவர்களுக்கு அண்டையில் ஆடு மாடு கோழி வளர்ப்பவர்களுக்கும் நாம் சொல்லக்கூடியது சிறிதுதான்.

தொந்தரவு அடைகிறவர் முதலில் ஒரு வாரம் குறித்து வைக்கட்டும்: எந்த நேரம், எவ்வளவு நேரம், எந்தப் பக்கத்திலிருந்து. "ராப்பகலாய்க் கத்துகிறது" என்பது வசை. "நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரையில், கிணற்றடிப் பக்கத்திலிருந்து" என்பது விஷயம். வசைக்கு வசைதான் பதிலாக வரும். விஷயத்துக்குப் பரிகாரம் உண்டு. பிறகு, கோபம் முற்றுவதற்கு முன்பே, சாவகாசமான ஒரு மாலை வேளையில் நேரே போய்ச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டிச் சொல்வது பேச்சு வார்த்தையில் சேராது.

வளர்ப்பவர், பிராணி போடும் சப்தம் பெரும்பாலும் தமக்கே ஒரு சேதி என்பதை மறக்கக் கூடாது. கட்டிப் போட்ட நாய் தெருவில் போவோரையெல்லாம் பார்த்துக் குரைக்கிறதென்றால், கட்டும் இடத்தை மாற்ற வேண்டும். அல்லது அதைச் சிறிது உலாவ விட வேண்டும். கன்றைப் பிரித்தால் பசு கதறும். அந்த இரண்டொரு நாளுக்கு அயலாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். தனியாக நிற்கும் கழுதை துணை தேடிக் கத்தும். முட்டை மட்டும் போதுமென்பவர்களுக்குச் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், குஞ்சு பொரிப்பதற்குத்தான் சேவல் வேண்டும். சேவல் வேண்டுமென்றால், இரவில் கனத்த சுவருள்ள இடத்தில் அடைத்து, அடுத்தவர் படுக்கையறைக்கு நேராகத் திறப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

நேரில் பேசியும் பலிக்காவிட்டால், இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரை நடுவில் வைத்துக்கொள்வது நம்முடைய பழைய வழக்கம். பிரெஞ்சு தேசத்தில் இதற்காகவே 1978 முதல் சமரசக்காரர்களை நியமித்திருக்கிறார்கள். அவர்களிடம் போகக் கட்டணம் கிடையாது. அண்டை அயல் தொந்தரவு வழக்குகளில் சமரச முயற்சி செய்த பிறகே கோர்ட்டுக்கு வரவேண்டுமென்பதும் அங்கே விதியாக இருக்கிறது. நம் தேசத்திலும் 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட லோக் அதாலத்தில், வழக்குத் தொடுப்பதற்கு முன்பே இரு தரப்பாரும் சமரசத்துக்கு வரலாம். அங்கே ஏற்படும் முடிவுக்குக் கோர்ட் டிக்ரியின் பலம் உண்டு. ஒரு பெரும் பண்ணையினால் ஊருக்கே உபத்திரவம் என்றால், அதை அகற்ற மாஜிஸ்ட்ரேட்டுக்குச் சட்டம் அதிகாரம் அளித்திருக்கிறது. அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும். ஆனால் அது கடைசிக் கதவு. வழக்கில் ஜயித்தாலும் தோற்றாலும் மறுநாளும் அதே அண்டை வீட்டுக்காரரின் முகத்தில்தானே விழிக்க வேண்டும்?

நண்பரின் கதையையும் முடித்துவிடுகிறோம். அவர் ஊர் திரும்பிய பிறகும் தயங்கிக்கொண்டேதான் இருந்தாராம். அவருடைய மனைவிதான் ஒரு நாள் சாயங்காலம், தட்டில் கொஞ்சம் அதிரசம் வைத்து எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாள். கணவருக்கு நடந்த சிகிச்சையையும், இரவில் அவர் படும் பாட்டையும் சொன்னாள்.

கிழவி பதறிப்போனாளாம். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நகர்த்தியிருப்பேனே, அம்மா! ஐயா பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரே, நாம் என்ன குற்றம் செய்தோமோ என்றல்லவா இருந்தேன்? பேத்தியின் பள்ளிக்கூடச் செலவு இந்த முட்டைக் காசில்தான் நடக்கிறது. அதனால்தான் வாயைத் திறக்காமல் இருந்தேன்" என்றாளாம்.

அந்த வாரமே கோழிக்கூடு கொல்லையின் மறுகோடியில், மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போய்விட்டது. புதுக் கூட்டுக்குத் தச்சன் கூலியை நண்பர் கொடுத்தார். சேவல் இன்னமும் மூன்றரை மணிக்குத்தான் கூவுகிறது. நண்பர் ஐந்தரை மணிக்கு எழுந்திருக்கிறார்.

கலெக்டருக்கு எழுதிய மனு என்ன ஆயிற்று என்று கடிதத்தில் கேட்டிருந்தோம். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்ததாம். அடுத்த வீட்டில் தினமும் வாங்கும் முட்டைக்கு அதில் கணக்கு எழுதி வருகிறார்களாம்.